போறணை வீடு: வெறும் மணலில் விழுந்தவர்

அத்தியாயம் பதினொன்று

நாலு மணிக்கு அப்பாவை ஏற்றிப்போக வாடகை வான் வரும் என்று சுபாஸ் சொல்லியிருந்தான். சுபாசின் நாலு மணி என்றால் ஐந்தரை என்பது அவனுடைய அக்கா கிறிஸ்ரினாவுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் காலை எட்டு மணிக்கே அப்பாவின் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். கைக்கு வேலை கொடுத்தால் மனம் கொஞ்சம் சும்மா கிடக்கும் என்று நினைத்தாள். அது கிடக்கவில்லை.

பத்திநாதன் கதிரையில் இருந்து மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்துநாலு வயது மனிதர். சேர்ட்டுக்குள்ளே இடது விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலக் கண்டல். திங்கட்கிழமை விடியப்புறம், வங்காலையில் இந்தப் புது வீட்டின் பின்வளவில், அவர் மூன்றாவது தடவையாக விழுந்து கிடந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம்.

அந்த விழுகையில் ஒரு விசித்திரம் இருந்தது. படியில் தடக்கி விழவில்லை. கல்லிலோ வேரிலோ கால் மாட்டவில்லை. மட்டமாகக் கிடக்கும் வெறும் மணலில், தண்ணீர்த் தொட்டிக்கு இப்பால், மூன்று தடவையும் ஒரே இடத்தில் விழுந்திருந்தார். டொக்டர் பிரசர் பார்த்தார், சீனி பார்த்தார், தலையைப் படம் எடுத்தும் பார்த்தார். இந்த வயதுக்கு எல்லாம் திறமாக இருக்கிறது என்றார்.

"தலை சுத்தினதோ அப்பா?" என்று கிறிஸ்ரினா எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள்.

"இல்லை."

"அப்ப ஏன் விழுந்தனீங்கள்?"

"விழுந்திட்டன்."

இதற்கு மேல் அவரிடம் ஒரு சொல் பிடுங்க முடியவில்லை. அப்பாவுக்கு மூளை குழம்பத் தொடங்கிவிட்டது என்பது சுபாசின் முடிவு. கிறிஸ்ரினா முருங்கன் ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக வேலை செய்கிறவள். இடுப்பெலும்பு முறிந்து தள்ளுவண்டியில் வரும் வயதானவர்களைத் தன் கையாலேயே தூக்கிக் கட்டிலில் போட்டவள். அவர்களில் திரும்ப நடந்து வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் முருங்கனில் தன் வீட்டுப் பின்னறையை ஒதுக்கி, கட்டில் போட்டு, விரிப்பு விரித்துவிட்டு வந்திருந்தாள்.

"இந்தச் சாரம் வேணுமோ அப்பா?"

"ஓம்."

"இது கரை கிழிஞ்சு போச்சே."

"ஓம்."

"அப்ப விடட்டோ?"

"ஓம் பிள்ளை."

இந்த ஓம்தான் அவளைப் பயப்படுத்தியது. முப்பது வருசம் போறணை என்ற செங்கல் அடுப்பு வைத்து ஊருக்கே பாண் ரொட்டி போட்ட மனிதர் அவர். மாவில் உப்பு ஒரு கரண்டி கூடினால் தெருவே கேட்கச் சத்தம் போடுவார். அப்படிப்பட்டவர் காலையிலிருந்து எதைக் கேட்டாலும் ஓம் என்கிறார். சண்டை பிடித்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பெட்டி பாதி நிறைந்த நேரத்தில் அவர் வாயைத் திறந்தார்.

"பிள்ளை, உன்ர வீட்டில எனக்கு விட்ட அறையில, கட்டிலால இறங்கினா வாசல் எந்தக் கைப்பக்கம்?"

அவள் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "வலக்கைப் பக்கம் அப்பா. ஏன் கேக்கிறீங்கள்?"

"சும்மா," என்றார். ஆனால் கதிரையின் கைபிடியில் அவருடைய இடது கை விரல்கள் எதையோ தேடுவது போல மெல்ல அசைந்தன.

பத்து மணிக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பின்னால் இரும்புப் பைப்புகளைக் கட்டிக்கொண்டு, முன்னால் அரைப் பை சீமெந்தை வைத்துக்கொண்டு, மேசன் மீராசாஹிபு வந்து இறங்கினார்.

மீராசாஹிபு சிலாவத்துறைக்காரர். இந்த வீட்டைக் கட்டியவர். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் ஊரைவிட்டுப் போய்ப் புத்தளத்தில் இருபது வருசம் கிடந்து திரும்பியவர். அதே வருசம் பத்திநாதன் மனைவி றஞ்சிதத்தையும் இரண்டு பிள்ளைகளையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு கடல் தாண்டி மண்டபம் அகதி முகாமுக்குப் போனார். பிள்ளைகள் முந்தித் திரும்பினார்கள். றஞ்சிதத்தை அந்தக் கரையிலேயே அடக்கம் செய்துவிட்டு, அவர் மூன்று வருசத்துக்கு முன்தான் தனியாக வந்து சேர்ந்தார். இந்த இரண்டு பேரும் சந்தித்தால் முகாமைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார்கள். பாணைப் பற்றித்தான் பேசுவார்கள்.

"கைபிடி போட வந்தனான் தங்கச்சி. வியாழக்கிழமை எண்டுதானே சொன்னனீங்கள்?"

கிறிஸ்ரினா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பா இரண்டாவது தடவை விழுந்தபோது அவள்தான் இவரிடம் சொல்லிவைத்தாள். மூன்றாவது விழுகைக்குப் பிறகு எல்லாம் மாறிப்போனதைச் சொல்ல மறந்துவிட்டாள்.

"குறை நினைக்காதேங்கோ நானா. அப்பாவை இண்டைக்கு என்னோட கூட்டிக்கொண்டு போறம்."

மீராசாஹிபு பைப்பைப் பார்த்தார், திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். "எத்தினை நாளைக்கு?"

அவள் பெட்டியின் மூடியைச் சாத்தினாள். கதிரையில் இருந்து பத்திநாதன் பேசினார்.

"நறுவிலிக்குளம் தாண்டி இந்த வெயிலுக்குள்ள பைப்பைக் கட்டிக்கொண்டு வந்த மனிசனைத் திருப்பி அனுப்பக்கூடாது. வந்த வேலையைச் செய்யட்டும். பிளேன்ரீ போடு பிள்ளை."

அன்று காலையில் அவர் பழையபடி அதிகாரமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்காகவே அவள் தேத்தண்ணி போட எழுந்தாள்.

பின்கதவிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கும், அங்கிருந்து கக்கூசுக்கும் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி ஒரு கைபிடி. அதற்குக் கால் நாட்டக் குழி வேண்டும். மீராசாஹிபு சாரத்தை மடித்துக் கட்டி, குழி தோண்டும் இரும்புக் கம்பியான அலவாங்கை எடுத்து மணலில் இறக்கினார். நாலாவது குத்தில் அது எதிலோ முட்டி நின்றது.

"கல்லோ நானா?" என்று கேட்டபடி தேத்தண்ணியோடு வந்தாள் கிறிஸ்ரினா.

"கல்லெண்டா சத்தம் வேற மாதிரி இருக்கும்." அவர் குந்தியிருந்து குழிக்குள் கையை விட்டு மணலை வழித்தார். உள்ளே சிவப்பாக ஏதோ தெரிந்தது.

திரும்பிப் பார்த்தால் பத்திநாதன் பின்கதவில் நிற்கிறார். ஊன்றி நடக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த பொல்லு உள்ளே கதிரையில் சாத்தியபடி கிடக்கிறது.

"தொட்டியில இருந்து எத்தினை அடி மீரா?"

"எட்டு வரும்."

அவர் கண்ணைச் சுருக்கி ஒரு கணம் நின்றார். "அது பழைய வீட்டுக் குசினி வாசல்," என்றார்.

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. மண்வெட்டியால் இழுக்க இழுக்க ஒரு முழ ஆழத்தில் பழைய சமையலறையின் சிவப்புச் சீமெந்துப் படி ஒன்று வெளியே வந்தது. ஒரு பக்க விளிம்பு காலடி பட்டுத் தேய்ந்திருந்தது. மீராசாஹிபு தன் துவாயால் அதைத் துடைத்தார். இருபத்துநாலு வருசம் மணலுக்குள் கிடந்த நிலம் மினுங்கியது.

"வாப்பா போட்ட சிவப்பு," என்றார் மெல்ல.

அவருடைய வாப்பா அப்துல் ஹமீட்தான் பழைய வீட்டுக்குச் சீமெந்து நிலம் போட்ட மேசன். தேங்காய்ப் பொச்சால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கிவிட்டுத்தான் போனாராம். கூலியோடு பெருநாளைக்குப் பத்து றாத்தல் பாணும் வாங்கிக்கொண்டு போன கதையை மீராசாஹிபு சொல்ல, பத்துக்கு மேலேயே கொடுத்தேன் என்று பத்திநாதன் வாதாடினார்.

கிறிஸ்ரினா அந்தப் படியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்தது. பள்ளிக்கூடத்தால் வந்து சட்டை மாற்றாமல் இந்தச் சிவப்பு நிலத்தில் குப்புறப் படுத்திருப்பாள். நத்தாருக்கு முதல் கிழமை ஊரில் உள்ள கேக் தட்டெல்லாம் இந்த வாசலால்தான் போறணைக்குப் போகும். தட்டு மாறிப்போகாமல் ஒவ்வொரு வீட்டாரும் ஓர் அடையாளம் வைத்திருப்பார்கள். ஒருத்திக்கு முந்திரிப்பருப்பில் சிலுவை, இன்னொருத்திக்கு மூலையில் சிவப்பு நூல். கடலுக்குப் போகிறவர்கள் இருட்டோடு வந்து சுடச்சுடப் பாணை வாங்கிப் பேப்பரில் சுற்றி மடிக்குள் செருகிக்கொண்டு போவார்கள். அம்மா விடிந்ததும் முணுமுணுத்துக்கொண்டு நிலம் துடைப்பாள். மா படிந்த அப்பாவின் வெள்ளைக் காலடி போறணையிலிருந்து வீட்டுக்குள் வந்து திரும்பிப் போயிருக்கும். இவ்வளவு வருசமும் அவள் நினைக்காத அந்தக் காலடிகள் இப்போது நினைவில் வந்தன. அம்மாவை நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது.

"இந்த அத்திவாரத்துக்கு மேலயே கட்டியிருந்தா எவ்வளவு நல்லது," என்றார் பத்திநாதன். "என்ன செய்யிறது. கந்தோர்க்காரர் விடேல்லை. றோட்டோரமாத்தான் கட்டவேணும் எண்டு சொல்லிப்போட்டினம்."

மீராசாஹிபு தலையை நிமிர்த்திக் கிறிஸ்ரினாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குழிக்குள் குனிந்துகொண்டார்.

வீட்டுத்திட்டம் கொடுத்த அரசாங்கக் கந்தோர்க்காரர் அப்படி எதுவும் சொல்லவில்லை. உங்கள் வளவுக்குள் எங்கே வேண்டுமானாலும் கட்டுங்கள் என்றுதான் சொன்னார்கள். வீட்டை முன்னுக்குத் தள்ளி றோட்டோரமாகக் கட்ட வேண்டுமென்று கடிதம் எழுதிக் கொடுத்தவள் கிறிஸ்ரினா. அத்திவாரத்துக்கு நூல் பிடித்த நாளில் மீராசாஹிபுக்கு இடம் காட்டியதும் அவள்தான். அப்பாவுக்கு ஏதாவது ஒன்றென்றால் அம்புலன்ஸ் இந்த மணலுக்குள் புதையாமல் வாசலுக்கே வரவேண்டும் என்பது ஒன்றுதான் அவளுடைய எண்ணம். கேட்டால் விடமாட்டார் என்று தெரிந்து, கந்தோர்ச் சட்டம் என்று ஒரு பொய் சொன்னாள். நல்லதுக்குச் சொன்ன பொய் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அதன்பிறகு அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து போய்விடுவாள்.

இன்று எழுந்து போக முடியவில்லை. பத்திநாதன் குழிக்குள் குசினிப் படியில் இறங்கி நின்றுவிட்டு, பழைய வீட்டுக்குள் நடக்கத் தொடங்கிவிட்டார்.

"இதால போனா நடு அறை. இதில மாதா சொரூபம். இதில உங்கட அம்மாவின்ர தையல் மெசின்."

அவர் சொல்லச் சொல்ல மீராசாஹிபு பின்னாலேயே சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கோடு போட்டுக்கொண்டு வந்தார். வெறும் வளவில் ஒரு வீடு படுத்த மாதிரி விரிந்தது. ஓரிடத்தில் பத்திநாதன் தோளைச் சாய்த்து, உடம்பை ஒருக்களித்து, ஒன்றுமே இல்லாத இடத்தில் நெருக்கிக்கொண்டு போனார். கிறிஸ்ரினா கிட்ட ஓடினாள்.

"ஏனப்பா இப்பிடிப் போறீங்கள்?"

"அலுமாரி இடிக்கும் பிள்ளை."

"அந்த அலுமாரி இப்ப இல்லையப்பா."

அவர் நின்று அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குழப்பம் எதுவும் இல்லை. கொஞ்சம் வெட்கம்தான் இருந்தது.

"தெரியும். கண்ணுக்குத் தெரியும். இருட்டில காலுக்குத் தெரியிறேல்லை. இப்பவும் மூண்டு மணிக்கு முழிப்பு வந்திடும். எழும்பி முகம் கழுவிப்போட்டு இடிஞ்ச போறணை மேட்டடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்திட்டு வருவன். இதைச் சொன்னா நீங்கள் எனக்கு விசரெண்டு நினைப்பியள். அதுதான் சொல்லேல்லை."

கிறிஸ்ரினாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அப்பாவின் மூளை குழம்பவில்லை. முப்பது வருசம் பழகிய கால் பழைய வழியால் போகிறது, அவ்வளவுதான். மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் அந்த இடத்திலேயே பாதி இறங்கியது.

மற்றப் பாதி இறங்கவில்லை. அவர் விழுந்த இடம் அவளுக்கு அத்துப்படி. போய்ப் பார்த்தாள். அது நாலு வெள்ளைக் கோட்டுக்கு நடுவே இருந்தது.

"இது எந்த அறையப்பா?"

"உங்கட அறை. நீயும் தம்பியும் படுத்தது."

"போகேக்க விழுறனீங்களோ, வரேக்கயோ?"

"வரேக்கதான்."

"இதில இடிக்கிறதுக்கு என்ன இருந்தது?"

பத்திநாதன் கோட்டுக்குள் காலை வைத்துப் பார்த்தார். "ஒண்டுமில்லைப் பிள்ளை. அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

பகல் சாப்பாட்டுக்கு முன் மீராசாஹிபு நாலு பைப்பை மணலில் இறுக்கி நட்டு, நீல நைலோன் கயிற்றை இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டினார். பின்கதவில் தொடங்கி, குசினிப் படியைத் தாண்டி, தொட்டியடியால் போறணை மேடு வரைக்கும். கைபிடி போடும்வரை இதைப் பிடித்து நடந்து பார்க்கட்டும் என்றார். நேராக இழுக்காமல் பழைய வீட்டின் நடைவழியே அதை வளைத்துக் கட்டியிருந்தார். பத்திநாதன் மறுபடி மறுபடி அதைப் பிடித்து நடந்தார். கிறிஸ்ரினா தம்பிக்கு மூன்று தடவை போன் அடித்தாள். வாறன் அக்கா வாறன் என்று சொல்லிச் சொல்லி அவன் வைத்தான்.

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுபாஸ் நேரத்துக்கு முந்தி வந்தான். மூன்றரைக்கே வான் வாசலில் நின்றது. மன்னாரில் ஐஸ் கம்பனியில் மேற்பார்வையாளர் அவன். எதையும் உடனே முடித்துவிட வேண்டும் அவனுக்கு. முடியாவிட்டால் கோபம் வரும். அந்தக் கோபத்துக்குள் பயம் இருப்பது அக்காவுக்கு மட்டும் தெரியும்.

"என்னக்கா இது? பெட்டியைக் கட்டச் சொன்னா வளவு முழுக்கக் கோடு போட்டுக் கிளித்தட்டு விளையாடுறியள்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் முகம் இன்னும் இறுகியது.

"அப்ப இது முந்தியதை விட மோசமெல்லோ. இல்லாத வீட்டுக்குள்ள நடக்கிற மனிசனை எப்பிடித் தனிய விடுறது? நாளைக்கு இடுப்பு முறிஞ்சு விடியும்வரை இந்த மணலுக்க கிடந்தா ஆர் பாக்கிறது? நீங்கள் ஆஸ்பத்திரியில இதைத்தானே நாளாந்தம் பாக்கிறியள்?"

அவன் சொன்னது அவளுடைய சொந்தப் பயம்தான்.

"தம்பி," என்றார் பத்திநாதன். "ஒருக்கா நடந்து காட்டுறன். கண்ணை மூடிக்கொண்டு. விடிய மூண்டு மணி எண்டு நினைச்சுக்கொள். போறணையடிக்குப் போய்த் திரும்பி வருவன். விழுந்தனெண்டா உன்ர வானில ஏறி இருக்கிறன். பிறகு ஒரு கதையும் கதைக்கமாட்டன்."

"வேண்டாமப்பா, விலா நோகும்," என்றாள் கிறிஸ்ரினா.

"விழாட்டி?" என்று கேட்டான் சுபாஸ்.

"விழாட்டி நான் இங்கதான்."

பின்கதவில் நின்று துவாயைக் கண்ணில் கட்டிக்கொண்டார். கயிற்றில் இடது கையைப் போட்டார். நடந்தார். குசினிப் படிக் குழி வந்ததும் பார்த்தது போலவே காலை எட்டி வைத்துக் கடந்தார். அலுமாரியடியில் ஒருக்களித்தார். தொட்டியடியில் நின்று முகம் கழுவுகிற மாதிரிக் கையைக் காட்டினார். அதைப் பார்த்து மீராசாஹிபு சிரித்தார். போறணை மேட்டில் உடைந்த செங்கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். ஒரு தடக்கல் இல்லை. கிறிஸ்ரினா மனதுக்குள் அருள்நிறை மரியே சொல்லத் தொடங்கியிருந்தாள்.

தொட்டியைத் தாண்டியதும் அவர் கயிற்றை விட்டார்.

யாரும் எதிர்பார்க்கவில்லை. கயிறு நேரே போனது, அவர் வலப்பக்கம் திரும்பி வெள்ளைக் கோட்டுக்குள் இறங்கினார். மூன்று அடி வைத்தார். நின்றார். காலடிச் சத்தம் கேட்கக்கூடாது என்பது போல மெதுவாகக் குனிந்தார். வலது கை நிலத்தை நோக்கிப் போனது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து எதையோ சின்னதாகத் திருகின. இடது கை பக்கத்தில் ஒரு பிடி தேடியது. பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. உடம்பு சரிந்தது.

சுபாஸ் பாய்ந்து பிடித்தான். இரண்டு பேரும் மணலில் இருந்துவிட்டார்கள்.

"அடிபட்டதோ அப்பா?" என்று ஓடிவந்தாள் கிறிஸ்ரினா.

"இல்லை." பத்திநாதன் துவாயை அவிழ்த்தார். முகம் விழுந்துபோயிருந்தது. தான் தோற்றுவிட்டேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. "சரி தம்பி. பெட்டியை எடு."

சுபாஸ் எழும்பவில்லை. அப்பாவின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு விரலும் இன்னும் சேர்ந்தபடியே இருந்தன.

"கையால என்னப்பா செய்தனீங்கள்?"

"நான் என்ன செய்தனான்?" அவர் உண்மையாகவே கேட்டார். தன் விரல்களைப் புதிதாகப் பார்ப்பவர் மாதிரிப் பார்த்தார்.

"லாம்பு," என்றான் சுபாஸ். "அக்கா, அரிக்கன் லாம்பு. என்ர கட்டில் தலைமாட்டில, நிலத்தில வச்சிருக்கும்."

அவளுக்கும் நினைவு வந்தது. தம்பிக்கு இருட்டென்றால் உயிர் போய்விடும். பத்து வயதுவரை லாம்பு எரியாமல் படுக்கமாட்டான். பிறகு பயம் போனாலும் லாம்பு பழக்கமாகிவிட்டது.

"முதல் பாணைப் போறணையில தள்ளிப்போட்டு அப்பா வருவார். என்ர கட்டில் காலைப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு திரியைக் குறைப்பார். கண்ணில வெளிச்சம் படக்கூடாதெண்டு. நான் நித்திரை மாதிரிக் கிடப்பன் அக்கா. நித்திரையில்லை. அவர் வந்திட்டுப் போனாப் பிறகுதான் எனக்கு நித்திரையே வரும். மா மணக்கும்."

அந்த வெள்ளைக் காலடிகள் எங்கே வந்து திரும்பிப் போயின என்று கிறிஸ்ரினாவுக்கு இப்போதுதான் தெரிந்தது. நாற்பத்திரண்டு வயதில், மூன்று பிள்ளைகளின் தாய், வளவில் நின்று வாய்விட்டு அழுதாள்.

பத்திநாதனுக்குத்தான் கூச்சமாகிவிட்டது. "எண்ணெய் வீணாகும் எண்டுதான் குறைச்சிருப்பன்," என்றார். அதை யாரும் நம்பவில்லை.

மீராசாஹிபு மட்டும் மேசனாகவே நின்று யோசித்துக்கொண்டிருந்தார். வந்து குந்தி, பத்திநாதனின் இடது கை தேடிய இடத்தில் சுண்ணாம்பால் ஒரு புள்ளடி போட்டார்.

"கட்டில் கால் இதில இருந்திருக்கு. இவர் அதைப் பிடிக்கப் போறார், அது இல்லை, விழுகிறார். உடம்பில வருத்தம் ஒண்டும் இல்லைத் தம்பி, பிடிதான் இல்லை. இதில ஒரு தூணை நாட்டிவிடுறன். மேல ஒரு லைற். நெஞ்சு உயரத்தில சுவிச்சு. குனியவே தேவையில்லை. எழும்பி வரேக்க வெளிச்சம் இருக்கும். திரும்பி வரேக்க தூணைப் பிடிச்சுக்கொண்டு லைற்றை நூர்த்துப்போட்டுப் போய்ப் படுக்கட்டும்."

வாசலில் வான்காரர் ஹோர்ன் அடித்தார். சுபாஸ் சேர்ட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனான். பெட்டியை எடுக்கப் போகிறான் என்றே கிறிஸ்ரினா நினைத்தாள். வான் திரும்புகிற சத்தம் கேட்டது. அவன் வெறுங்கையோடு வந்தான்.

"ஒரு மாசம்," என்றான். "ஒரு மாசம் பாப்பம். தூணும் கைபிடியும் முடியும்வரை அக்கா இங்க நிக்கட்டும். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காலமை ஆறு மணிக்கு அடிப்பன். ரெண்டாவது றிங்கில எடுக்கவேணும்."

"எனக்கு மூண்டு மணிக்கே முழிப்புத்தானே. நான் அடிக்கட்டோ?" என்று கேட்டார் பத்திநாதன்.

எல்லோரும் சிரித்தார்கள். காலையிலிருந்து ஓம் ஓம் என்றுகொண்டிருந்த மனிதர் பழையபடி வாய் காட்டத் தொடங்கியதில் கிறிஸ்ரினாவுக்கு வயிறு குளிர்ந்தது. உள்ளே போய்ப் பெட்டியிலிருந்த சாரங்களை எடுத்து ஒவ்வொன்றாக அலுமாரியில் அடுக்கினாள். கிழிந்த சாரத்தையும் அடுக்கினாள்.

வெளியே வந்தபோது மீராசாஹிபு அலவாங்கைக் கட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சீமெந்தோடும் வயரோடும் வருவாராம். பத்திநாதன் கயிற்றைப் பிடித்தபடி அவர் பக்கத்தில் நின்றார்.

"மீரா, திங்கக்கிழமை உனக்கு வேலையோ?"

"இல்லை. ஏன் பத்தியண்ணை?"

"என்னைச் சைக்கிளில ஏத்திக்கொண்டு கந்தோருக்குப் போவம். வீட்டை முன்னுக்குத் தள்ளிக் கட்டச் சொன்ன அந்த மனிசனைக் காணவேணும்."

மீராசாஹிபுவின் கை கயிற்று முடிச்சில் நின்றது. அவர் கிறிஸ்ரினாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்குப் பாடுபட்டார்.

"இனி என்னத்துக்கப்பா அது?" என்று கேட்டாள் அவள்.

"சண்டைக்கில்லைப் பிள்ளை. அந்த மனிசனில எனக்குக் கோபமும் இல்லை. இன்னும் எத்தினை கிழடுகட்டைகள் திரும்பி வருகுதுகள். அதுகளுக்கு வீடு குடுக்கேக்க, பழைய வீடு எங்க இருந்தது, எந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்தனீங்கள் எண்டு ஒரு சொல்லுக் கேக்கச் சொல்லவேணும். அவருக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா அப்பிடிச் செய்திருக்கமாட்டார்."

கந்தோரில் பத்திநாதனின் பெயர் எழுதிய கோப்பு ஒன்று இருக்கிறது. அதற்குள் கிறிஸ்ரினாவின் கையெழுத்தோடு அந்தக் கடிதமும் இருக்கிறது. திங்கட்கிழமை கோப்பைத் திறந்தவுடன் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று அவள் வாயெடுத்தாள். அப்பா அவ்வளவு சந்தோசமாக அந்த நீலக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீயும் வா பிள்ளை," என்றார் அவர். "நீதான் வடிவாக் கதைப்பாய்."

"ஓம் அப்பா," என்றாள் கிறிஸ்ரினா.